புளியரை எடைமேடை

மூன்று ராத்திரியாக
ரெண்டே கால் மணிக்குச் செத்துப்போகிறது
லாரி எடை எழுதும் என் நிரல்.
பிழைச்செய்தி இல்லை.
பிரிண்டர் 'மொத்த எடை' என்று அடித்துவிட்டு
எண்ணுக்காகக் காத்திருக்கும்.
புனலூர் போகும் எம்-சாண்ட் லாரிகள்
செங்கோட்டை ரோட்டில் நின்று ஆரன் அடிக்கும்.

எழுதியவள் நான். வந்துதானே ஆகணும்.

கட்டன்சாயாவை வைத்துவிட்டு
முதலாளி மைதீன் பிச்சை கேட்டார்:
"கொல்றது யாரும்மா?"

பதிவைப் புரட்டினேன்.
கொன்றது இயங்குதளம்.
குற்றம் என்னுடையது.

முதலில் 'காலி' என்ற வரியை மட்டும் படித்து
பட்டினி கிடந்தது நிரல்.
கொல்லம் பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டெல்லாம்
ஆள் உட்கார்ந்த சீட்டா?
கேட்டால் சிலர் எடுத்துக்கொள்வார்கள்,
சிலர் முறைப்பார்கள்.
எடுக்கக்கூடிய துண்டுகளையும் சேர்த்து
'கிடைக்கும்' என்று இன்னொரு வரி இருக்கிறது.
அதைப் பார்க்கவில்லை நான்.
எரிச்சலில்,
மொத்தம் எவ்வளவு என்று கேள்,
பாதியை எடுத்துக்கொள் என்று மாற்றினேன்.

எட்டு ஜிபி என்றது பெட்டி. பொய்யில்லை.
ஆனால் போன மாதமே இவர்
கடைப் பையனை வைத்து வேலி போட்டிருக்கிறார்,
எடைக்கு ஒரு ஜிபி போதும் என்று.
வேலியைப் பாராமல் மலையைப் பார்த்து
மேய்ந்திருக்கிறது என் நிரல்.

வெளியே டிரைவர் சுகதன்
தார்ப்பாயைத் தட்டிக் காட்டினான்:
"பாடியில இன்னும் ஸ்தலம் உண்டு முதலாளி."
"உண்டு. பெர்மிட்டுல இல்ல.
நானூத்தி நாப்பது கிலோ இறக்கு."

ஒன்றரை ஆகாதா என்று
கேட்க வாயெடுத்தவள்
சாயாவைக் குடித்தேன்.
பெட்டி அவருடையது.
ஏன் ஒன்று என்பதும் அவருடையது.

நாலு வரி திருத்தினேன்.
இருப்பதைக் கேள். கிடைப்பதைக் கேள்.
விதித்ததைக் கேள்.
மூன்றில் எது சிறியதோ
அதற்கும் ஒரு சாண் உள்ளே நில்.
விதிக்காத இடத்திலும்
அடுத்தவன் சீட்டை விட்டுவை.

ரெண்டே கால்.
சாரல் ஜன்னல் வழியே விசைப்பலகையில் விழுந்தது.
துடைக்கத் தோன்றவில்லை.
பிரிண்டர் 'மொத்த எடை' என்று அடித்து
கொஞ்சம் யோசித்து
எண்ணையும் அடித்தது.

"இன்னிக்குச் சாகலையோ?" என்றார் பிச்சை,
லேசான ஏமாற்றம் மாதிரி இருந்தது குரல்.

மேடையோரம்
சுகதன் திட்டிக்கொண்டே இறக்கிய மணல்
மழையில் நனைந்து
எந்த முள்ளுக்கும் தெரியாமல்
கனத்துக்கொண்டிருந்தது.