ஆறு வோல்ற்று

நான்காம் குறுக்குத் தெருவில் ஓர் ஏலக்காய்க் கந்தோர்.
ஒரு லைன், நான்கு டெலிபோன்,
நான்கும் கறுப்பு, நான்கும் ஒரே கனம்.
யாரோ ஒட்டுக் கேட்கிறான் என்றார் தில்லையம்பலம் முதலாளி.
காலையில் நான் சொல்லும் விலை
மத்தியானத்துக்குள் எதிர்க்கடைத் தராசில் நிற்கிறது.

மீற்றரை எடுத்தேன்.
லைன் தூங்கும்போது ஐம்பது வோல்ற்று.
ஒருவர் தூக்கினால் ஒன்பது.
களவாக இன்னொருவர் தூக்கினால் ஆறு.
கேட்பது இலவசம் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.
இல்லை.
ஒவ்வொரு காதும் குரலில் ஒரு மிடறு குடிக்கும்,
மிச்சம்தான் உரியவருக்குப் போய்ச் சேரும்.

மூன்று நாள் இருந்தேன், படிக்கட்டுக்குக் கீழே,
சாக்குத் தூசியில் தும்மித் தும்மி.
கேட்பவன் தன் வாயைப் பொத்துவான்,
தன் அறையைப் பொத்த மாட்டான்.
ஸ்டோரில் தூக்கினால் தராசுச் சங்கிலி கிலுங்கும்.
கணக்கறையில் என்றால்
ஜயசேனவின் மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை டக் என்னும்.
டைப்பிஸ்ட் புளோரன்ஸ் மேசையில்
ஜன்னலுக்கு வெளியே நாட்டாமிமாரின் "வழி, வழி."
தூக்கத்தான் செய்தார்கள்.
ஜயசேன, லைன் காலியா என்று பார்க்க.
ஸ்டோர் நிஸாம்தீன், சாப்பாட்டுக்கு முன், சும்மா.
எல்லாம் ஒன்றிரண்டு நொடி.

விலை களவு போன வழியையும் கண்டேன்:
முதலாளி டிரங்க் கோலில் கத்துவது
எதிர்க்கடைக்கு டெலிபோன் இல்லாமலே கேட்கும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

வியாழன், நாலு பத்து.
பண்டாரவளை ஆஸ்பத்திரியிலிருந்து புளோரன்ஸின் அக்கா.
ஊசி ஆறுக்கு இறங்கி
அங்கேயே நின்றது, பதினொரு நிமிடம்.
பின்னால் சங்கிலி இல்லை, விசிறி இல்லை, தெரு இல்லை.
ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும்,
அவசரமே தெரியாத கடிகாரம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.
படிக்கட்டு, பொய்க்கூரை, குளியலறைச் சுவர்,
மாடியில் முதலாளியின் அலுமாரி.
மடித்த சால்வைகளுக்குப் பின்னால் ஐந்தாவது.
பேசும் பக்கத்தைக் கழற்றிப்
பஞ்சு அடைத்திருந்தது.

"அது இருக்கட்டும்," என்றார்.
"மற்ற நாலையும் அடை."
அன்றைக்குத்தான் முதல் தடவையாக
என் பிளேன்டீயில் ஏலக்காய் மணந்தது.

ஐந்து றிலே பூட்டினேன்.
முந்தித் தூக்கியவருக்கு லைன்,
அவர் வைக்கும்வரை மற்றதெல்லாம் கட்டை.
நாலு என்றுதான் பேச்சு.
ஆனால் ஈயம் உருகும்போது
எந்தக் கம்பி முதலாளியுடையது என்று பார்ப்பதில்லை,
அன்று நானும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி கோல் எடுத்தார்:
"மேலே உள்ளது வேலை செய்யவில்லை."
"செய்கிறது ஐயா. நீங்கள் சொன்ன வேலையை."
மிச்சக் காசு இன்னும் வரவில்லை.

அதற்கு முந்திய நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.
என்னைத் தடுக்க றிலே கிடையாது.
எக்ஸ்சேஞ்சில் இரண்டு முதலைவாய்க் கிளிப் போதும்,
என் கருவி குடிக்காது, ஊசியும் அசையாது.
வேலை சரியா என்று பார்க்கத்தான்
என்று சொல்லிக்கொண்டேன்.
நாலு பத்து. ஒன்பது வோல்ற்று.
அக்கா கேட்டாள்:
"என்னடி, பக்கத்து அறையில இருந்து பேசுற மாதிரிக் கேக்குது,
எங்க நிக்கிறாய்?"
புளோரன்ஸ் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
லைனில் வேறு மூச்சு உண்டா என்று
அவளும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.
பிறகு, மெதுவாக,
"அக்கா, இந்த மனுஷன் என்னை..."

கிளிப்பைக் கழற்றினேன்.
கொஞ்சம் பிந்தித்தான்.