பற்றரி அறை, இராகலை

மணமில்லை அதற்கு. நிறமில்லை.
பகல் வெளிச்சத்தில் எரிந்தால் தீயும் தெரியாது.
இருபத்துநான்கு பற்றரிகள் மின்னேறும்போது
குமிழி குமிழியாய் எழுந்து
கூரைத் தகரத்தின் கீழ் கூடி நிற்கும்
ஐதரசன்.

அதைப் பிடிக்கத்தான்
பேராதனை ஆய்கூடத்தில் நான் புல் வளர்த்தேன்.
கண்ணாடித் துண்டொன்றில் நாகவொட்சைட்டுப் புல்,
ஒரு மயிரின் தடிப்புக்குள்
ஆயிரம் தாள்கள் நெருக்கியடித்து நிற்கும் புல்.
நுனிதோறும் பல்லேடியப் பொட்டு.

காற்றின் ஒட்சிசன் வந்தமர்ந்து
புல்லின் இலத்திரன்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.
ஐதரசன் வந்தால்
அந்த ஒட்சிசனைக் கூட்டிக்கொண்டு நீராய்ப் போய்விடும்.
பிடிபட்டவை அவிழும். தடை விழும். மணி அடிக்கும்.
அவ்வளவுதான் என் மூன்று வருடம்.

இராகலையில் அது
மூடுபனிக்கும் அடித்தது.
முதல் வாரத்தில் முப்பத்தேழு தடவை.
கோபுரக் காவலுக்கு இருந்த மருதவீரன்,
என்னோடு சாதாரண தரம் எழுதியவன்,
தொலைபேசியில் சொன்னான்:
"ஒன் பெட்டிக்குக் குளிருது ராணி,
ஒரு கம்பளி வாங்கிக் குடு."

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
நெல்மணி அளவில் ஒரு சூடாக்கி வைத்தேன்.
நூற்றைம்பது பாகையில்
பனி ஒட்டாமல் பறந்தது.
அடுத்த வாரம் பதினொன்று, அதற்கடுத்து நான்கு.
அவனுக்கு நம்பிக்கை மட்டும் வரவில்லை.
மணி அடித்தால் திரும்பிப் படுப்பான்.

வெள்ளிக்கிழமைகளில்
பற்றரி அறை மூலையில் முனியாண்டி படத்துக்கு
அவன் சூடம் கொளுத்துவது எனக்குத் தெரியாது.
யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நினைவட்டையில் இருக்கிறது அந்த மாலை.
6.52க்குத் தடை சரிகிறது,
பனிக்குச் சரிவதுபோல் சோம்பலாய் அல்ல,
படியில் கால் தவறினதுபோல்.
7.15க்கு மெல்ல ஏறுகிறது.
வரைபில் இருபத்துமூன்று நிமிடப் பள்ளம்.

பள்ளத்துக்குள் நடந்தது வரைபுக்குத் தெரியாது.
விசிறி நின்றிருந்ததாம்.
மணி அடித்ததும், பனியென்று திட்டிக்கொண்டே,
கையில் தீப்பெட்டியோடு
வாசலில் நின்று வெளியே பார்த்தானாம்.
பனியில்லை.
கந்தப்பளை விளக்குகள் வரை துலக்கமாய்த் தெரிந்தனவாம்.

கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டுச்
சூடத்தை வெளியே
கோபுரத்தின் கொங்கிறீட்டுக் காலடியில் வைத்தானாம்.
காற்றில் இரண்டு தடவை அணைந்ததாம்.
"முனியாண்டி கோவிக்கமாட்டாருல்ல?"

நான் அப்போது
7.15க்குப் பிறகும் தடை
பழைய இடத்துக்கு ஏன் முழுதாய்த் திரும்பவில்லை என்று
கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.