சனிக்கிழமை விலை

சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் கவுண்டர் மூடும்,
சேலம் முதல் அக்ரகாரக் கிளையில்.
ஏற்காட்டு முதல் பஸ் அன்று நேரத்துக்கு வந்துவிட்டது.
சவேரியம்மா முதல் ஆளாய் நின்றாள்.
அட்டனில் கொழுந்து பறிக்கும் தங்கை அனுப்பிய டிராப்ட்,
நூறு இலங்கை ரூபாய்.
நூற்றுக்கு நூறு.
பேரேட்டில் ஒரே எண்ணை இரண்டு பத்தியிலும் எழுதி
கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பஸ்
பதிமூன்றாம் கொண்டை ஊசியில்
ரேடியேட்டர் கொதித்து நின்றது.
அதில் இருந்தாள் முனியக்கா.
அதே அட்டன், அதே நூறு.
கதவடைத்த பிறகு வந்து
கம்பியைப் பிடித்தபடி என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு இரவு ரேடியோ சொன்னது.
திங்கள் காலை தந்தி:
நம் ரூபாய் இறங்கிவிட்டது,
அவர்களுடையது அங்கேயே நிற்கிறது.
முனியக்காவுக்கு
நூற்றைம்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா.
இரண்டு தரம் எண்ணினாள்.
"தப்பா குடுத்திட்டீங்க" என்று
மேலே இருந்ததைத் திருப்பித் தள்ளினாள்.

புதன்கிழமை சவேரியம்மா மலையிறங்கி வந்தாள்,
கையில் டிராப்ட் இல்லாமல்.
"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சிக்கு லீவு சார்.
ஒரு கொழுந்து கிள்ளல.
அப்புறம் எப்படி அவ காசு ஏறுச்சு?"

டாலர், தங்கம், டெல்லி என்று தொடங்கினேன்.
பாதியில் எனக்கே விட்டுப்போனது.

மறுவருஷம் நவம்பரில் அவர்களும் இறக்கினார்கள்.
நூறு, நூற்றிருபத்தாறு ஆனது.
இருவரும் சேர்ந்தே வந்தார்கள் அந்தச் சனிக்கிழமை.
டிராப்டை மடியிலிருந்து எடுக்காமல்
சவேரியம்மா கேட்டாள்:
"இன்னிக்கு வாங்கட்டா, திங்கக்கிழமை வரட்டா?"

எனக்குத் தெரியாது என்றேன்.
அவள் நம்பவில்லை.