மவ்வும் பவ்வும்

உருட்டு மிஷின் பக்கத்தில் பதினேழு வருஷம்.
காது ஒரே நாளில் போகவில்லை.
முதலில் குக்கர் விசில், அப்புறம் மழை,
அப்புறம் மருமகன் பேச்சு. அதில் நஷ்டமில்லை.
கட்டபெட்டு ஃபேக்டரியில்
சலிப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.
அங்கே எல்லாரும் எனக்கு வெறும் வாய்தான்.

வாயைப் படிக்க வேண்டும்.
எந்த எழுத்துக்கு உதடு எப்படிப் போகும் என்று
புத்தகம் இருக்கிறதா, சீட்டில் எழுதி நீட்டினேன்,
கோத்தகிரி கிளை நூலகத்தில்.
எபினேசர் யோசித்து எடுத்து வந்தது
அட்டை கிழிந்த யாப்பிலக்கணம்.

ஓசையைப் பற்றிய புத்தகம்
ஓசை இல்லாதவள் கையில்.
ஆனால் எதுகை கண்ணுக்குத் தெரிகிறது!
அடிக்கு அடி இரண்டாம் எழுத்து,
ஒரே உயரத்தில் கவ்வாத்து வெட்டிய செடி மாதிரி.
அளபெடையும் தெரிகிறது:
நெடிலுக்குப் பின்னால் அதன் குறில்,
இறங்கும் இடம் தாண்டியும்
பஸ்ஸில் நிற்கிற ஆள்.

இரட்டைக்கிளவியைத்தான் நம்ப முடியவில்லை.
தகரத்தில் மழை சடசட என்று போட்டிருந்தது.
என் ஞாபகத்து மழை வேறு எழுத்தில் தொடங்கும்.
எந்த எழுத்து? பிடிபடவில்லை.

மோனையில் சண்டையே வந்துவிட்டது.
மவ்வுக்கு வவ்வு உறவாம்.
இல்லை ஐயா.
வவ்வில் மேல்பல் கீழுதட்டைத் தொட்டுவிட்டு ஓடுகிறது.
மவ்வையும் பவ்வையும் பாருங்கள்,
ஒரே பூட்டு, ஒரே திறப்பு.
தூளுக்கு மணம் வேண்டும் என்கிறார் மேனேஜர்.
ஆளுக்குப் பணம் வேண்டும் என்கிறேன் நான்.
கண்ணாடியில் பார்த்தால்
இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ப, ம, ஓரினம்.
நூலகப் புத்தகம். தப்புதான்.

ஐப்பசி.
ஷிப்ட் முடிந்து குறுக்குத் தடத்தில் ஏறுகிறேன்.
மேட்டில் பெள்ளி,
தலையில் இலைமூட்டை, இரண்டு கையும் மூட்டையில்.
அவன் வாய் திறந்தது, மூடியது.
பாடு.
என்னையா?
பாடு, பாடு.
நூல் சொன்னது சரி, கடைசி உகரத்தில்
உதடு குவியவே இல்லை. குற்றியலுகரம்.
அதைக் கவனித்துக்கொண்டு நின்றேன், பாருங்கள்!
அவன் முகம் வெளுத்தது. நெடிலை நீட்டினான்.
நீட்டியவன் வாயை மூடவில்லை.
ஒரு மனிதன் அளபெடை போட்டுக் கெஞ்சுகிறானே என்று
பாடினேன்.

என்ன பாட்டு என்று கேட்காதீர்கள்.
ஆறு வருஷமாக என் குரல் எனக்கே வந்து சேரவில்லை.
தொண்டையில் கை வைத்துப் பார்த்தேன்,
மிஷின் போல நடுங்கியது.
அப்போது பிடரியில் சூடான மூச்சு.
ஈரம். மென்ற புல்லின் வாசம்.

மாடு என்றால் பக்கம் என்றும் பொருள் உண்டாம்,
சிலேடை ஏட்டில் இருக்கிறது.
என் மாட்டு ஒரு மாடு.
காட்டுமாடு,
முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி,
லாரி என்ஜின் அளவு நெஞ்சு.
பாட்டை நிறுத்தப் பயம். நிறுத்தவில்லை.
அது என்னைச் சுற்றிக்கொண்டு
செடிவரிசையை மிதித்துக் கீழே போனது.

ரசித்துப் போனதா, பொறுக்க முடியாமல் போனதா,
கேட்டேன். பெள்ளி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.
மயந்துட்டேன் என்றது அவன் வாய்.
சரி, பயந்துட்டேன்.

பென்சில் குறிப்புக்குக் கீழே சாட்சி சேர்த்தேன்:
மாடு, பாடு. எதுகை உண்டு.
மோனை இல்லை என்பவர்
என் முதுகுப்பக்கம் வந்து நிற்கட்டும்.

அன்று ராத்திரி மழை.
கட்டிலில் ஏறிக் கூரைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
சவ்வு இல்லை, நிச்சயமாக இல்லை.
மூடித் திறக்கிற எழுத்து.
பவ்வாக இருக்கலாம்.
மவ்வாகவும்.