ஈரம்

கடையில் கேட்டால் கிடைக்காது இந்தப் பொன்.
மஞ்சள் இல்லை, மினுக்கம் இல்லை,
உரைகல்லில் கீறல் விழாது.
துகள் ஒன்று மூன்று நானோமீட்டர்.
அவ்வளவு கீழே இறங்கி வந்த பிறகுதான்
பொன் வேலைக்குப் போகிறது.

கட்டியாய் இருந்தவரை அதற்கு ஒரே தொழில்,
கறுக்காமல் இருப்பது.
வங்கியின் நிலவறையில், செத்தவர்களின் கடைவாயில்,
எதனோடும் சேராமல்
சும்மா இருந்தே பேர் வாங்கியது.

குடுவையில் துகளாக்கி நிறுத்தினால்
பீட்ரூட் சூப் போலச் சிவக்கிறது.
செம்பொன் என்று முதலில் சொன்னவர்
இதைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.
ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

க்லிவித்சே நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் பதினெட்டு,
உள்ளே ரேடியேட்டர் சூட்டில் உதடு வெடிக்கிறது.
டைட்டானியாத் தூளின்மேல் பொன்னைப் படியவைத்துக்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.
குளோரைடு போகும்வரை கழுவ வேண்டும்.
வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால்
கழுவிய நீர் கலங்கக் கூடாது.
ஐந்தாம் முறையும் கலங்கியது.
ஏழாம் முறை தெளிந்தது.
ஒன்பதாம் முறை ஏன் கழுவினேன்?
என்மேல் நம்பிக்கை போயிருந்தது, அதனால்.

ஏனென்றால் ஜூலையில் உழைத்த தூள்
இப்போது உழைக்கவில்லை.
அதே அளவு, அதே உலை, அதே கை.
கார்பன் மோனாக்சைடில் நூற்றுக்கு முப்பத்தொன்றைத்தான் மாற்றுகிறது,
மிச்சம் அப்படியே தாண்டிப் போகிறது,
பெயர் கூப்பிட்டும் திரும்பாத ஆளைப் போல.

மாடிப்படி எதிர்வீட்டு எவால்ட்
இருபத்திரண்டு வருடமாக நிலக்கரிக்குள் இறங்குகிறவர்.
இடுப்பில் ஒரு தகரடப்பா கட்டியிருப்பார்.
கீழே தீப்பிடித்தால் அதை வாயில் கவ்வி மூச்சுவிட வேண்டும்.
"உள்ளே மாங்கனீசும் செம்பும். நனைந்தால் செத்துப்போகும்,
அங்கே நனையாத இடம் எது, சொல்லு"
என்று ஒருநாள் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் சொன்னார்:
அவர் ஷிஃப்டில் மூன்று பேர்
உட்கார்ந்தபடியே இருந்தார்களாம்.
ஒருவர் மடியில் பாதி கடித்த ரொட்டி.
அந்த வாயுவுக்கு மணமில்லை.
தூக்கம் மாதிரித்தான் வரும்.

வியாழக்கிழமை கிஸெலா,
எங்கள் ஆய்வகக் கண்ணாடியெல்லாம் துலக்குகிறவள்,
வறண்ட காற்றில் புறங்கை வெடிக்கிறதென்று
ஒரு துண்டை நனைத்து
ரேடியேட்டர்மேல் போட்டாள்,
அறைக்காற்றை இழுக்கும் பம்பின் வாய்க்குப் பக்கத்தில்.

நான் ரொட்டி தின்னப் போயிருந்தேன்.
திரும்பி வந்தால்
திரையில் கோடு ஏறுகிறது.
நாற்பது. அறுபத்தைந்து. தொண்ணூற்றாறு.
குழாய் கழன்றுவிட்டதென்று கத்தினேன்.
ஒவ்வொரு மூட்டிலும் சோப்புநீர் தடவினேன்,
ஒரு குமிழ்கூட இல்லை.
துண்டை எடுத்தோம்: இருபது நிமிடத்தில் விழுந்தது.
போட்டோம்: எழுந்தது.
எடுத்தோம், போட்டோம்,
இருட்டும்வரை இரண்டு பெண்கள்
ஒரு துண்டோடு விளையாடினோம்.

தண்ணீர் பட்டால் சாகும் மருந்தை
இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் தண்ணீருக்குள் இறங்க,
தண்ணீர் கேட்டுக் கிடந்திருக்கிறது பொன்.
மூச்சிலிருக்கும் ஈரம்கூடப் போதும் போல.

எவால்டிடம் சொன்னேன்.
"எவ்வளவு பொன் பிடிக்கும்?"
குன்றிமணியில் பாதி.
"அப்படியானால் முதலில் டப்பாவுக்குக் காவல் போடணும்."

கொண்டாட ஒன்றுமில்லை இன்னும்.
பதினோராம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால்
துகள்கள் நகர்ந்து, ஒட்டி, பெருத்திருக்கின்றன.
வினையூக்கி என்று பேர்;
வினையை முடித்துவிட்டுத் தான் மாறாமல் நிற்க வேண்டியது.
இதுவோ விட்டால் மறுபடி கட்டியாகப் பார்க்கிறது,
மறுபடி சும்மா இருக்க.
அடுத்த தூளை நாளை தொடங்க வேண்டும்.

துண்டு அங்கேயே கிடக்கிறது.
கடைசியில் விளக்கை அணைப்பவர்
நனைத்துவிட்டுப் போக வேண்டும் என்று
கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் கிஸெலா,
எழுத்துப்பிழையோடு.