பத்துக்கு ஒன்பது

திங்கள் முதல் வெள்ளி வரை
டர்பன் துறைமுகத்தில் சர்க்கரை லாரிகளை நிறுப்பவன் நான்.
சனிக்கிழமைகளில் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு புள்ளி ஏழு கிராமைப்
பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாட்ஸ்வொர்த், ஐந்தாம் யூனிட் மண்டபம்.
போன வாரம் இதே தரையில் யாருக்கோ கல்யாணம்.
மேசைக்காலருகே மஞ்சளரிசி ஒன்று கிடந்தது.
வழுக்கிவிடக் கூடாதே என்று
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தெவாஷ்னி முனுசாமி மட்டையை நீட்டினாள்.
ஜெர்மனியில் ஏதோ சிற்றூர்க் கிளப்புக்கு
வருஷத்தில் எட்டு மாதம் சம்பளத்துக்கு ஆடுகிறவள்.
தடவிப் பார்த்தேன்:
சிவப்புப் பக்கம் வழுவழு,
கறுப்புப் பக்கம் பலாத்தோல்.
இரண்டும் சட்டப்படிதான்.

சட்டம் எனக்கு மனப்பாடம்.
உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும்.
பந்து பதினாறு சென்டிமீட்டராவது எழும்ப வேண்டும்.
எதிராளியின் கண்ணுக்கு மறைக்கக் கூடாது.
அவள் எதையும் மறைக்கவில்லை.
அதுதான் கொடுமை.

அதே தோள், அதே முழங்கை, அதே மூச்சு.
முதல் முறை, வாங்கியவளின் பந்து
வலைக்குள் சுருண்டது.
மறுமுறை கூரைக்குப் பறந்தது.
ஓர் எழுத்தும் மாறவில்லை,
பொருள் மட்டும் புரண்டுவிட்டது.
சிலேடை என்றால் என்னவென்று
ஐம்பத்தாறு வயதில், நாற்காலி உயரத்தில்,
எனக்குப் பிடிபட்டது.

நொக்ஸோலோ லேசுப்பட்டவள் இல்லை.
பந்தின் மேல் அச்சடித்த முத்திரையைப் படிப்பவள்.
முத்திரை கலங்கினால் சுழல், தெளிந்தால் வெறும் பந்து.
மூன்றாவது ஆட்டத்துக்குள் படித்தும்விட்டாள்.
அதைக் கண்டதும் தெவாஷ்னி
மேசைக்கடியில், இரண்டு விரலால்,
மட்டையைப் புரட்டிக்கொண்டாள்.
பலாத்தோலில் பட்ட பந்து
வந்த சுழலையே வட்டியோடு திருப்பிக்கொண்டு போனது.

ஐந்தாவது ஆட்டம். பத்துக்கு ஒன்பது.
இன்னும் ஒரு புள்ளி தெவாஷ்னிக்கு.
பதினேழாவது அடியோ பதினெட்டோ,
நொக்ஸோலோ இடுப்பைச் சுழற்றி ஓங்கி அடித்தாள்.
பந்து மட்டையை விட்டுக் கிளம்பியது
எனக்குத் தெரியும்.
அதற்குப் பிறகு மின்சாரம் இல்லை.
அட்டவணையில் ஆறு மணி என்றுதான் போட்டிருந்தது.

இருட்டு.
கீச், கீச்.
இரண்டு காலடி, பின்னோக்கி.
தணிந்த ஒரு சத்தம்: கறுப்புப் பக்கம்.
எச்சில் விழுங்கும் நேரம்.
வலைக்கு அந்தப் பக்கம்
நகத்தால் தட்டியது போல் ஒன்று.

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.
எதற்கென்று தட்டுவது?
நொக்ஸோலோவின் குரல்தான் முதலில் வந்தது:
"பட்டது. மேசையில் பட்டது. நான் தொடவில்லை."

கையை உயர்த்தினேன்,
அந்த இருட்டில் யாருக்காகவோ.
"லெட்" என்றேன்.
பார்க்காததை நான் எண்ணக் கூடாது.

ஜெனரேட்டர் முக்கி முனகிப் பதினோரு நிமிஷம் எடுத்தது.
மறுபடி பத்துக்கு ஒன்பது.
அப்புறம் பத்துக்குப் பத்து.
அப்புறம் வேகமாக எல்லாம் முடிந்துவிட்டது,
நொக்ஸோலோவுக்குப் பன்னிரண்டு.

கைகுலுக்க வந்தபோது தெவாஷ்னி
தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
"அங்கிள், அந்தப் பந்து
எந்த மூலையில் விழுந்தது? இடதிலா?
அவள் மட்டைச் சத்தத்தை வைத்து அடித்தேன்.
போன இடம்தான் தெரியவில்லை."

புள்ளித்தாளைப் பார்த்தேன்,
அதில் இருக்கப் போவதுபோல.

திங்கட்கிழமை முதல் லாரி.
முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது கிலோ.
"சரிதானே?" என்று டிரைவர் தலையை நீட்டினான்.
திரையில் இருப்பதைச் சொன்னேன்.