அடிப்பிடித்ததன் வயது

பானையின் அடியில் கருகி ஒட்டியிருப்பதை
நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சுரண்டுகிறேன்.
நாற்பது மில்லிகிராம்.
வில்னியஸில் உள்ள எந்திரத்துக்கு
அதற்குமேல் பசி கிடையாது.

யாரோ அடுப்பை மறந்திருக்கிறார்கள்.
வெளியே ஏதாவது கேட்டிருக்கும்,
ஒரு பிள்ளையின் வீறல், படகு கரையில் உரசும் ஒலி.
ஒன்றும் கேட்காமலும் இருந்திருக்கலாம்.
ரீகாவில் மூன்றாம் மாடியில்
என் வாணலியிலும் இதே கறுப்புத்தான்.

அமிலத்தில் ஒரு குளியல். காரத்தில் ஒன்று.
மறுபடி அமிலம்.
மண்ணின் சாயம் பழுப்பாய்க் கழன்று வடிகிறது.
கையுறையைக் கழற்றக் கூடாது,
மூக்கு அரித்தாலும்.

அறுபத்தெட்டில் இதைத் தோண்டிய தாலிவால்திஸுக்கு
அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை.
வெறுங்கையால் வாரியெடுத்திருக்கிறார்.
கொழுப்புகளின் வரைபடத்தில்
அவருடைய விரல் பிசுக்கு
ஒரு குட்டி முகடாக இன்னும் நிற்கிறது.
கழித்துவிட்டேன்.
மனசில்லாமல்தான்.

பானையின் தோளில் ஒரு விரிசல்.
இருபுறமும் துளையிட்டு, நார் கட்டி,
பிர்ச் பட்டைத் தாரால் பூசியிருந்தார்கள்.
அதிலும் ஒரு துணுக்கு எடுத்தேன்.

மார்ச்சில், பனி சேறாகும் வாரத்தில், முடிவுகள் வந்தன.
கருகிய உணவு: ஆறாயிரத்து நானூறு ஆண்டு.
ஒட்டுப்போட்ட தார்: ஐயாயிரத்து எழுநூறு.

கிர்த்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்:
"பானை உடைந்து எழுநூறு வருஷம் கழித்து
ஒட்டவைக்க ஆள் வந்திருக்கிறான்.
எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காரனாக இருப்பான்."

சிரித்து முடித்தபின்
இருவரும் ஏரியின் வரைபடத்தை விரித்தோம்.

அது சுண்ணாம்புக்கல்மேல் படுத்திருக்கும் ஏரி.
சுண்ணாம்புக்கல் என்பது
மனிதர் யாரும் பார்த்திராத ஒரு கடலின் சிப்பிகள்.
அந்தக் கரிக்கு வயது சொல்லத் தெரியாது,
எண்ணி எண்ணி விரல் தீர்ந்துபோன கரி.
நீர் அதைக் கரைக்கிறது.
பாசி நீரைக் குடிக்க,
பாசியைப் புழு, புழுவைச் சிறுமீன், சிறுமீனைப் பெருமீன்,
பெருமீனைக் குழம்பு வைத்தவள்
கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு
எங்கோ பராக்குப் பார்த்தாள்.

ஊகம் போதாது.
செவ்வாய்க்கிழமை பேருந்து பிடித்துப் போய்
எவால்த்ஸ் என்னும் மீனவரிடம்
ஒரு பைக் மீன் வாங்கினேன், வால் அடித்துக்கொண்டிருந்தது.
ஆறு யூரோ.
ரசீது கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்,
பிறகு சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினார்.

அதன் எலும்பைத்தான் அனுப்பினேன்.
எந்திரம் சத்தியம் செய்தது:
இந்த மீன் செத்து
அறுநூற்று எண்பது ஆண்டு ஆகிறது.

தொலைபேசியில் சொன்னேன்.
எவால்த்ஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"புதுசு என்று சொல்லித்தானே அம்மா விற்றேன்" என்றார்.

மீன் சேர்த்த பொய்யைக் கழித்தால்
குழம்பும் ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்கின்றன.
கூட்டல் கழித்தல் நாற்பது ஆண்டு.
அந்த நாற்பதுக்குள் எதுவும் நடந்திருக்கலாம்.
அடிப்பிடித்த அன்றே சூட்டில் விரிசல் விட்டிருக்கலாம்.
அவளே மறுநாள் தார் காய்ச்சியிருக்கலாம்,
முணுமுணுத்துக்கொண்டே.
அல்லது அவள் மகள், அவளை ஏசிக்கொண்டே.
எங்கள் கருவிகளில்
முணுமுணுப்புக்கு முகடு கிடையாது.

மிச்ச மீனை அன்றிரவே பொரித்துத் தின்றேன்.
என் நகத்திலும் இனி ஒரு சிட்டிகை
அந்தப் பழைய கடல் இருக்கும்.

ஏப்ரலில் கணக்குப் பிரிவு
சிகரெட் அட்டையைத் திருப்பி அனுப்பியது:
ஆய்வகத்துக்கு மீன் எதற்கு? காரணம் குறிப்பிடவும்.

கடிகாரத்தைத் திருத்த, என்று எழுதினேன்.

அவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை.
ஆறு யூரோவையும்
பழுதுபார்ப்புச் செலவில் சேர்த்துக்கொண்டார்கள்.